வராது என்று எழுதிவிட்ட பணம் வந்தபோது

2022 தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. இருபத்திரண்டு பேருக்குப் போனஸ் போட வேண்டும். பணத்தை எங்கே புரட்டுவது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது, நான்கு லட்சம் ரூபாய் வரவு என்று. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. அந்தப் பணத்தை நான் ஒன்றரை வருடம் முன்பே வராது என்று கணக்கில் எழுதி மூடிவிட்டிருந்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். போனஸ் போட்டோம், நூல் கடைக்காரருக்குப் பாக்கியைக் கொடுத்தோம், இரண்டு நாளில் பணம் தீர்ந்தது. அந்த நான்கு லட்சத்துக்கு வரி என்ற ஒன்று இருக்கிறது என்பது என் நினைவிலேயே இல்லை. அதை நான் உணர 2024 பிப்ரவரி ஆனது. அதற்குள் திருத்துவதற்கான எளிய வழிகள் எல்லாம் அடைபட்டிருந்தன.

திருப்பூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்கிறேன். பனியன் கம்பெனிகள் வெட்டிய பீஸ்களை அனுப்புவார்கள், நாங்கள் டிசைன் தைத்துத் திருப்பி அனுப்புவோம், ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று பில் போடுவோம். எனக்கு வேலை கொடுத்த எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை பதினான்கு பில். வேலைக்கூலி 6,20,000, அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 31,000, மொத்தம் 6,51,000 ரூபாய். பில் போட்ட மாதமே ஜிஎஸ்டியை நான் கட்டிவிட்டேன். பணம் மட்டும் வரவில்லை. 2020 தொடக்கத்தில் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது, மார்ச்சில் ஊரடங்கு, அதன்பிறகு கேட்டைத் திறக்கவே இல்லை. முதலாளி அண்ணன் நல்ல மனுஷன்தான். போன் எடுப்பார், "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்பார். அப்புறம் போனும் எடுக்கவில்லை.

2021 மார்ச் 31 தேதியில் அந்த நிலுவையை வாராக்கடன் என்று எழுதினோம். அப்போது என்னிடம் இருந்த கணக்காளர் அனுபவசாலி. வாராக்கடன் கணக்கில் 6,51,000 பற்று (டெபிட்), அந்தப் பார்ட்டி கணக்கில் 6,51,000 வரவு (கிரெடிட்). பார்ட்டியின் பேரேடு, அதாவது அவர் பெயரில் இருக்கும் கணக்கு, சைபர் ஆனது. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வருமான வரியில் வாராக்கடனைக் கழிக்க, அது வரவே வராது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. கணக்கில் உண்மையாகவே தள்ளுபடி செய்திருந்தால் போதும். 2010-இல் டிஆர்எஃப் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 2016-இல் நேரடி வரிகள் வாரியமும் ஒரு சுற்றறிக்கையில் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் வராமல் போகலாம் என்று நினைத்து வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒதுக்கி மட்டும் வைத்தால் கழிவு கிடைக்காது. பார்ட்டியின் கணக்கிலேயே எழுதி மூட வேண்டும். இன்னொரு நிபந்தனை, அந்தத் தொகை முன்பு நம் வருமானமாகக் கணக்கில் வந்திருக்க வேண்டும். கூலி 6,20,000 வருமானமாக வந்தது. ஜிஎஸ்டி 31,000 என்னுடைய வருமானம் அல்ல, அரசுக்குப் போன பணம். இந்தப் பகுதியைக் கழிக்கலாமா என்பதில் ஆடிட்டர்களிடையே இரண்டு கருத்து உண்டு. என் ஆடிட்டர் வம்பே வேண்டாம் என்று 6,20,000 மட்டும் கழித்தார், 31,000-ஐக் கணக்கீட்டில் திரும்பக் கூட்டிவிட்டார். இந்த 31,000-ஐ நினைவில் வையுங்கள், பின்னால் இது எனக்குக் கை கொடுத்தது.

கட்டிய ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா என்று அன்றே கேட்டேன். கிடைக்காது. சரக்கு திரும்பி வந்தாலோ, வேலையில் குறை இருந்தாலோ, விலையோ வரியோ கூடுதலாகப் போட்டுவிட்டாலோதான் பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட முடியும். பார்ட்டி பணம் தரவில்லை என்பது அதற்குக் காரணமாகாது. வராத பணத்துக்கு வரி கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் வயிற்றெரிச்சலை ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் எல்லாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2022-க்கு வருகிறேன். செப்டம்பரில் அந்த அண்ணனின் மகன் கூப்பிட்டான். அப்பா காலமாகிவிட்டார், மெஷின்களை விற்றுவிட்டோம், அப்பா பட்ட கடனை முடிந்தவரை தீர்க்கிறோம் என்றான். "நாலு லட்சம் தர்றேங்க அண்ணா, அதுல முடிச்சுக்கலாமுங்களா?" அந்தப் பையனிடம் பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை, சரி என்றேன். ரொக்கமாகத் தருகிறேன் என்றான். அந்த இடத்தில் மட்டும் நான் தப்பித்தேன். ஒரே நபரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே கொடுக்கல் வாங்கலுக்காகவோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017-இலிருந்து சட்டம் இருக்கிறது. வாங்கினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகும், அதுவும் வாங்கியவர் மேல்தான். நாலு நாளாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே செட்டில்மெண்ட் என்றால் மாட்டிக்கொள்வோம். பக்கத்துக் குடோன்காரர் ஒருவர் இதில் பட்டதைப் பார்த்திருந்ததால் வங்கியில் போடச் சொன்னேன். அதோடு ஒரு கடிதமும் வாங்கினேன்: இன்னின்ன தேதி, இன்னின்ன பில்களுக்கான பாக்கியில் இந்த நான்கு லட்சத்தை முழுத் தீர்வாகக் கொடுத்துவிட்டோம் என்று. பில் எண் பதினான்கும் அதில் வரிசையாக இருந்தன. அந்தக் கடிதத்தைப் பச்சை அட்டை ஃபைலில் வைத்து பீரோவில் பூட்டினேன். செய்ததெல்லாம் சரி, அதை யாரிடமும் காட்டவில்லை என்பதைத் தவிர.

பழைய கணக்காளர் அந்த வருடம் ஏப்ரலிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்த பெண் சுறுசுறுப்பானவள், டாலி என்ற கணக்கு மென்பொருளில் கை வேகம். வங்கி ஸ்டேட்மெண்டைப் பதியும்போது இந்த நான்கு லட்சத்தைப் பார்த்திருக்கிறாள். பார்ட்டி பெயர் பேரேட்டில் இருக்கிறது, நிலுவை சைபர், பில் எதுவும் இல்லை. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தோன்றும்? வேலைக்கு முன்பணம் வந்திருக்கிறது என்றுதான் தோன்றும். வங்கியில் பற்று, பார்ட்டி கணக்கில் வரவு. முடிந்தது. என்னிடம் கேட்கவில்லை, நானும் தீபாவளி ஓட்டத்தில் சொல்லவில்லை. அவளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தின் கதை தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சரக்கு விற்கிறவர்களுக்கு முன்பணத்தின் மேல் ஜிஎஸ்டி இல்லை, 2017 நவம்பரிலேயே அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஜாப் ஒர்க் என்பது சேவை. சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கிய மாதக் கணக்கிலேயே வரி கட்ட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அந்த விதி நன்றாகத் தெரிந்திருந்தது. நான்கு லட்சத்துக்குள் 5 சதவீத வரி அடங்கியிருக்கிறது என்று எடுத்து, 19,048 ரூபாயை விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் முன்பணப் பகுதியில் காட்டி, நவம்பர் 20-க்குள் கட்டியும்விட்டாள். ஒரே கூலிக்கு 2019-இல் ஒரு முறை, 2022-இல் இன்னொரு முறை வரி. வருமான வரியிலோ நேர் எதிர். முன்பணம் என்பது நாம் திருப்பிச் செய்து கொடுக்க வேண்டிய பொறுப்பு, ஆகவே அது இருப்புநிலைக் குறிப்பில் கடன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது, இலாப நட்டக் கணக்கைத் தொடவே இல்லை. நான்கு லட்சமும் வருமானத்தில் வராமல் ரிட்டர்ன் போய்விட்டது.

வாராக்கடன் வசூலில் நடக்கும் முதல் தவறு இதுதான், இதைப் பொறுமையாகச் சொல்கிறேன். தள்ளுபடி செய்த அன்றே பார்ட்டியின் கணக்கு மூடப்பட்டுவிட்டது. அதன்பின் அவர் பணம் கொடுக்கும்போது அதை அவர் பெயரில் வரவு வைத்தால், நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று கணக்கு சொல்லும். ஆகவே அவர் பெயரில் வைக்கக் கூடாது. வங்கிக் கணக்கில் பற்று, 'வசூலான வாராக்கடன்' என்று தனியாக ஒரு வருமானக் கணக்கைத் திறந்து அதில் வரவு. டாலியில் அது மறைமுக வருமானத்தின் கீழ் வர வேண்டும். பார்ட்டியின் பேரேட்டிலும் வரலாறு தெரிய வேண்டும் என்று நினைத்தால், முதலில் பார்ட்டி பற்று, வசூலான வாராக்கடன் வரவு என்று ஒரு குறிப்பேட்டுப் பதிவு போட்டு, அப்புறம் வங்கி பற்று, பார்ட்டி வரவு என்று ரசீது போடலாம். இரண்டு வழியிலும் கடைசியில் பார்ட்டி சைபர், வருமானம் நான்கு லட்சம். இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கிறது. நாளைக்கு அதே பார்ட்டி மறுபடி வேலை கொடுக்க வந்தால், பழையதைத் தந்தாரா என்று பேரேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். நடப்பு வருட வாராக்கடன் செலவில் கழித்துக்கொள்ளும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அது வேண்டாம். அந்த வருடம் எவ்வளவு மூழ்கியது, எவ்வளவு மீண்டது என்பது இரண்டுமே மறைந்துபோகும்.

இந்தத் தவறு வெளியே வந்தது வங்கியில். 2024 பிப்ரவரியில் ஓடி (ஓவர்டிராஃப்ட்) லிமிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அதிகாரி 2023 மார்ச் இருப்புநிலைக் குறிப்பைப் புரட்டிக்கொண்டே, "வாடிக்கையாளர் முன்பணம் நாலு லட்சம்னு இருக்கே சார், ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, எந்த ஆர்டருக்கு?" என்று கேட்டார். நான் அப்படி யாரும் முன்பணம் தரவில்லையே என்றேன். ஜாப் ஒர்க்குக்கு முன்பணம் தருகிற பனியன் கம்பெனியை நான் பார்த்ததே இல்லை. அவர் பேனா முனையால் பார்ட்டி பெயரைத் தொட்டுக் காட்டினார். எனக்கு வியர்த்துவிட்டது. அதே பெயர்.

அன்று மாலை பச்சை ஃபைலோடு ஆடிட்டர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் திட்டவில்லை, அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. 2022-23 கணக்குக்கான ரிட்டர்னைத் திருத்த 2023 டிசம்பர் 31 கடைசி நாள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் திருத்த 2023 நவம்பர் 30 கடைசி நாள். இரண்டும் போய் இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த வருடக் கணக்கில் வருமானமாகக் காட்டிவிடலாமா என்று கேட்டேன். கூடாது, பணம் எந்த வருடம் கைக்கு வந்ததோ அந்த வருடத்து வருமானம்தான் என்று வருமான வரிச் சட்டத்தின் 41(4) பிரிவைக் காட்டினார். கடையையே மூடிவிட்ட பிறகு வசூலானாலும் வரி உண்டு என்றும் அதிலேயே இருக்கிறது. (இந்த எண் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் என்பதால் எண்கள் வேறு.)

அந்தப் பிரிவில்தான் 31,000 கை கொடுத்தது. வந்த பணம் முழுவதும் வருமானம் அல்ல. மொத்தக் கடனுக்கும் நாம் கழித்துக்கொண்ட தொகைக்கும் வித்தியாசம் எவ்வளவோ, அதைத் தாண்டி வருவதற்குத்தான் வரி. என் கடன் 6,51,000, கழித்தது 6,20,000, வித்தியாசம் 31,000. வந்த நான்கு லட்சத்தில் முதல் 31,000 நான் ஏற்கனவே வரிச்சலுகை பெறாமல் விட்ட பணம், மீதி 3,69,000-க்குத்தான் வரி. இதற்கு ஆதாரம் 2020-21 வருடக் கணக்கீட்டுத் தாள். அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் நான்கு லட்சத்துக்கும் கட்டியிருப்பேன். எனவே தள்ளுபடி எழுதிய வருடத்தின் கணக்கீட்டுத் தாளையும் அந்தப் பதிவையும் பார்ட்டி பெயரில் தனியாக வைத்திருங்கள். ரிட்டர்ன் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், பணம் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. தள்ளுபடி எழுதுவது நம் கணக்குக்காக, அதனால் கடனை நாம் மன்னித்துவிட்டோம் என்று ஆகாது. கேட்கும் உரிமை இருக்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

மிச்சம் இருந்த வழி ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது கணக்கு ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து 12 மாதத்துக்குள் போட்டால் வரி, வட்டி இரண்டும் சேர்ந்த தொகைமேல் 25 சதவீதம் கூடுதல், அடுத்த 12 மாதத்துக்குள் என்றால் 50 சதவீதம். இப்போது அதை 48 மாதம் வரை நீட்டி, மூன்றாம் வருடம் 60, நான்காம் வருடம் 70 என்று வைத்திருக்கிறார்கள். வரியைக் குறைக்கவோ ரீஃபண்ட் கேட்கவோ இதைப் பயன்படுத்த முடியாது, ஒரு ஆண்டுக்கு ஒரே முறைதான் போடலாம். நான் 30 சதவீத அடுக்கில் இருந்ததால் வரியும் செஸ்ஸும் சேர்த்து 1,15,000, முன்கூட்டிக் கட்டாததற்கான வட்டி சுமார் 19,600, அதன்மேல் 25 சதவீதம் சுமார் 33,700. ஆக 1,68,000 ரூபாய்க்கு மேல். இதில் வரி நியாயமாக நான் கட்ட வேண்டியது, அதைப் பற்றிப் பேச்சில்லை. 53,000 ரூபாய் மட்டும் ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டதற்கு விலை. நான்கு லட்சம் தீபாவளியோடு செலவாகிவிட்டதால் நகையை அடகு வைத்து மார்ச்சில் கட்டினேன். அந்த நாலைந்து வாரம் தூக்கம் சரியாக இல்லை. வேலைக்காரர்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அதுதான் இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

பழைய கணக்கு மூடப்பட்டுவிட்டதால் புத்தகத்தில் திருத்தத்தை 2023-24-இல் போட்டோம்: பார்ட்டி பற்று 4,00,000, முந்தைய ஆண்டு வருமானம் வரவு 4,00,000. இங்கே ஒரு குழி இருக்கிறது. புத்தகத்தில் இந்த வருடம் இலாபம் நான்கு லட்சம் கூடித் தெரியும். அதற்கு ஐடிஆர்-யு வழியாக ஏற்கனவே வரி கட்டியாகிவிட்டது, ஆகவே இந்த வருடக் கணக்கீட்டில் அதைக் கழித்துக் காட்ட வேண்டும். கழிக்க மறந்தால் ஒரே பணத்துக்கு இன்னொரு தடவை வரி. ஆடிட்டர் அலுவலகத்தில் ஆள் மாறுவார்கள் என்பதால் பதிவின் விவரக் குறிப்பிலேயே இதை நீளமாக எழுதச் சொன்னேன்.

ஜிஎஸ்டியில் கட்டிய 19,048-க்குக் கூடுதலாகக் கட்டிய வரி என்ற வகையில் ஆர்எஃப்டி-01 என்ற ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டோம். வரி கட்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், எனக்கு 2024 நவம்பர் வரை நேரம் இருந்தது. 2 லட்சத்துக்குக் கீழே என்பதால் வரிச்சுமையை வேறு யார்மேலும் ஏற்றவில்லை என்று நானே உறுதிமொழி கொடுத்தால் போதுமாக இருந்தது, சிஏ சான்றிதழ் தேவைப்படவில்லை. முதல் தடவை ஆவணம் போதவில்லை என்று குறைபாட்டுக் குறிப்பு வந்தது. பதினான்கு பில், 2019-இல் அவற்றுக்கு வரி கட்டிய ரிட்டர்ன்கள், தள்ளுபடிப் பதிவு, அந்தப் பையன் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி போட்டோம். அந்தக் கடிதத்தில் பில் எண்கள் இருந்ததால்தான் இது பழைய வேலைக்கான பணம் என்று நிலைநாட்ட முடிந்தது. செட்டில்மெண்ட் கடிதம் வாங்கும்போது அசலுக்கா வட்டிக்கா என்பதையும் எழுதி வாங்குங்கள். பழைய பில் தொகைக்கு மறுபடி ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் தாமதத்துக்காக வட்டி என்று தனியாக வாங்கினால், அது கைக்கு வரும் அன்று அதற்கு ஜிஎஸ்டி உண்டு.

இன்னொன்று, இது அந்தப் பெண் சொன்ன யோசனை. விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டாள். சமாதானப்படுத்தி உட்காரவைத்தபோது அவளே கேட்டாள்: "அண்ணா, சைபர் பண்ணின பார்ட்டி பேருக்கு முன்னாடி ஏதாச்சும் அடையாளம் போட்டுட்டா என்னங்க?" அன்றே செய்தோம். தள்ளுபடி எழுதிய எல்லா பார்ட்டிகளின் பேரேட்டையும் 'வாராக்கடன்' என்று தொடங்கி வருடத்தோடு பெயர் மாற்றி, தனிக் குழுவில் போட்டோம். மொத்தம் ஒன்பது பெயர். அந்தக் குழுவில் எவர் பெயரில் ரூபாய் வந்தாலும் என்னைக் கேட்காமல் பதிவதில்லை. வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கை அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன், அடுத்த முன்கூட்டிய வரித் தவணைக்கு.

2024 ஆகஸ்டில் ரீஃபண்ட் வந்தது, மத்திய வரி 9,524, மாநில வரி 9,524. அடுத்த மாதம் அந்த ஒன்பது பேரில் ஒருவர், 2018-இல் கடையை மூடிவிட்டுப் போனவர், நேரில் வந்து பதினைந்தாயிரம் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அந்தப் பெண் பழைய பேரேட்டைத் திறந்து என் மேஜையில் வைத்துவிட்டாள்.